ஊர் கற்றால் ஒருவர் கற்பார்!

கல்லாமைக்குக் கல்லாதவரையே குற்றஞ்சாட்டுவது இந்நாட்டின் நெடுநாள் வழக்கம். “இளமையில் படிக்காமல் திரிந்தான், இப்பொழுதாவது வந்து படிக்கலாமே! விளக்குண்டு, பலகையுண்டு, சொல்லித்தர ஆளுண்டு, வரவில்லையென்றால் குற்றம் எவருடையது?” என்று கேட்கும் படித்தவர்கள் ஊர்தோறும் உள்ளனர். அலுவலகக் கோப்புகளிலும் இதே கேள்வி வேறு சொற்களில் கிடக்கும். ‘கற்போரிடை ஆர்வமின்மை’ என்று ஒரு வரி எழுதப்படும், கோப்பு மூடப்படும், ஒதுக்கிய பணம் கணக்கில் கழிக்கப்படும்.

ஆர்வம் என்பது ஒவ்வொருவர் நெஞ்சிலும் தானே முளைத்துத் தானே வளரும் செடியென்று எண்ணும் பேதைமை இது. அகவை முதிர்ந்த ஒருவர் கற்க வருவதும் வாராமையும், வந்தவர் நிலைப்பதும் இடையில் நின்றுவிடுவதும் அவரைச் சூழ்ந்துள்ள மாந்தராலேயே முடிவாகின்றன. கணவன், மாமியார், கூலி கொடுப்பவன், கடன் கொடுத்தவன், பக்கத்து வீட்டுக்காரி, எதிர்த்தெருச் சாதி ஆகிய இவர்களெல்லாம் சேர்ந்தே ஒருவர் கையில் எழுதுகோலைக் கொடுக்கிறார்கள். இவர்களே அதைப் பிடுங்கவும் செய்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துச் செல்லத் தாய் உண்டு. அடித்துப் படிக்கவைக்க ஆசிரியர் உண்டு. நாற்பது அகவைப் பெண்ணொருத்தியை எவர் இழுத்துச் செல்வார்? ஊர்தான் அழைத்துச் செல்லவேண்டும். ஊர் அழைக்காவிட்டால் அவள் வாராள்.

1978 அக்தோபர் 2ஆம் நாள் இந்திய அரசு நாடு தழுவிய முதியோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 15 முதல் 35 அகவை வரையினருள் பத்துக்கோடிப் பேரை ஐந்தாண்டுகளில் எழுத்தறிந்தவராக்குவது அதன் நோக்கம். முப்பது பேர்க்கு ஒரு நடுவம். ஏறத்தாழப் பத்துத் திங்கள் பாடம். தாளில் பார்த்தால் குறை சொல்வதற்கில்லை. ஆயின், அந்நடுவம் எத்தெருவில் அமைந்தது? ஊர்த்தெருவில் அமைந்தால் சேரியில் வாழ்வோர் வாரார். வந்தாலும் திண்ணைக்குக் கீழே நிற்கவேண்டும். சேரியில் அமைந்தால் ஊர்த்தெருவினர் அங்குக் கால்வையார். நடவு நட்டு முதுகு நிமிராமல் வீடு திரும்பும் பெண், தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைக்குச் சோறூட்டி, கணவனுக்கும் மாமிக்கும் பரிமாறியபின், இரவு எட்டு மணிக்குமேல் இருட்டில் தனியே அந்நடுவத்திற்கு நடக்கவேண்டும். “எவனுக்கு மடல் எழுதப் போகிறாய்?” என்று வீட்டிற்குள்ளேயே ஒரு குரல் எழும். அதற்குமேல் அவளை நிறுத்தப் பூட்டும் வேண்டா, தாழும் வேண்டா.

திட்டம் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்தது. தனித்தனியே அழைக்கப்பட்டவர்கள் தனித்தனியே நின்றுவிட்டார்கள். பத்துக்கோடி என்னும் இலக்கு ஐந்தாண்டில் எட்டப்படவில்லை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1991இல், புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது வேறு. வானம் பார்த்த நிலம். கல்லுடைப்பும் கூலிவேலையும் மிகுந்த மாவட்டம். அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராயிருந்த சீலா இராணி சுங்கத்தும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும், ஊர்தோறும் முன்வந்த தொண்டர்களும் நடுவங்கள் கட்டி ஆள்தேடவில்லை. முதலில் பாட்டும் தெருநாடகமுமாய் ஊரை எழுப்பினார்கள். கற்பித்தவர்கள் ஊதியமில்லாத் தொண்டர்கள்; பெரும்பாலும் அதே தெருவில் வாழ்ந்த இளம்பெண்கள். கற்க வந்தவர்களுள்ளும் பெண்களே மிகுதி. பாடம் நடந்த இடம் அவரவர் வீட்டு வாயில். வேற்றூர்ப் பெரியவர் வந்து கற்பிப்பதற்கும், நேற்றுவரை தன்னுடன் குடம் சுமந்த பெண்ணின் மகள் கற்பிப்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னவர்முன் நாணம், பின்னவள்முன் உரிமை.

முதற்பாடம் ‘அணில், ஆடு’ அன்று. ‘பட்டா’ என்னும் சொல்லில் அது தொடங்கிற்று. (சொல் வடக்கிலிருந்து வந்தது, அது கிடக்கட்டும். சொல்லின் பின்னாலிருந்த நிலம் தமிழனுடையது.) நிலமில்லாக் கூலிப்பெண்ணுக்கு அவ்வொரு சொல் விளங்கிய அளவு அணிலும் ஆடும் விளங்கியிரா. தம் கையெழுத்திட்ட விண்ணப்பத்தோடு பெண்கள் ஆட்சியர் அலுவலகத்திற்கு நடந்தார்கள். கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே கற்குழிகள் குத்தகைக்கு விடப்பட்டபோது, எத்தனை வண்டிக் கல் ஏறிற்று, எவ்வளவு பணம் வந்தது, எவருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதவேண்டிய தேவை அவர்கள் தலைமேல் வந்து விழுந்தது. முன்பு அக்கணக்கை ஒப்பந்தக்காரன் எழுதினான். அவன் எழுதியவரை அப்பெண்களின் கடன் தீர்ந்ததேயில்லை. கல்வியின் பயனைப்பற்றி அவர்களிடம் எவரும் சொற்பொழிவு ஆற்றவேண்டிய நிலை எழவில்லை.

அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாகவே மிதிவண்டிப் பயிற்சியும் வந்தது. எழுத்துக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று நகைத்தவர் உண்டு. தொடர்பு நெருக்கமானது. பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திருந்த பெண் தானே சந்தைக்குப் போனாள்; தானே தண்ணீர் கொண்டுவந்தாள்; நேரம் மீந்தது; மீந்த நேரம் படிப்புக்கு வந்தது. பெண்களுக்கென்று செய்த வண்டிகள் கடைகளில் தட்டுப்பட்டபோது, ஆண்கள் வண்டியே போதுமென்று வாங்கினார்கள். முன்பக்கத் தண்டில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்னும் வசதி அவர்கள் கண்டுபிடித்தது. முதலில் ஏறிய பெண்கள் கேட்ட இழிசொற்கள் கொஞ்சமல்ல. ஆனால், ஒருத்தி ஏறினால் ஊர் சிரிக்கும். நூறு பேர் ஏறினால் சிரிப்பவனே தனியன். 1992 மார்ச்சு 8, மகளிர் நாளன்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் மிதிவண்டிகளில் அணியணியாய்ப் புதுக்கோட்டை நகருக்குள் நுழைந்தபோது சிரிப்பதற்கு ஆளில்லை.

இதுவே இங்குக் கருதவேண்டிய செய்தி. புதுக்கோட்டைப் பெண்களின் உள்ளம் 1978இல் ஒன்றாகவும் 1991இல் வேறாகவும் இருந்ததில்லை. மாறியது அவர்களைச் சூழ்ந்த ஊர். படிக்கப் போவது வெட்கக்கேடாயிருந்த ஊரில், படிக்கப் போகாமை வெட்கக்கேடாயிற்று.

பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் இதை நன்கறிந்தவன். கல்வியைப் பற்றிய அவன் பாட்டில் (புறநானூறு 183) நூலறிவின் நுட்பங்கள் அடுக்கப்படவில்லை. வீட்டில் தாயின் மனம் எவர்பால் சாயும், அவையில் அரசன் எவரை அழைப்பான், பிறப்பால் உயர்ந்தோன் எனப்படுபவன் எவர்முன் பணிவான் என்று, கற்றவர்க்குச் சூழ்ந்தோர் தரும் மதிப்பைப் பற்றியே அவன் பேசினான்.

அகவை ஒரு தடையா என்று கேட்பார்க்குச் சேரநாட்டுக் காத்தியாயனி அம்மையார் விடையானார். 2018இல், தம் 96ஆம் அகவையில், எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றவர் அவர். அவ்வகவையையும் அம்மதிப்பெண்ணையும் வியந்தோர் பலர். தமக்கு முன்பே அத்தகைய தேர்வில் தேறிய மகளைக் கண்டே தாயும் எழுதுகோலைத் தொட்டார் என்பதைக் கருதியவர் சிலர். கேரளத்தில் அதற்கும் முன்பே, 1990 பிப்பிரவரியில் எர்ணாகுள மாவட்டமும், 1991 ஏப்பிரலில் மாநிலம் முழுவதும், முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தன. மகள் கற்றதைத் தாய் கண்டார். மகள் தெருவைக் கண்டார். தெரு நாட்டைக் கண்டது.

இனி, ஆண்கள் எங்கே போனார்கள்? முதியோர் கல்வியில் ஆண்கள் குறைவாகவே வருகிறார்கள் என்பது ஊரறிந்தது. தன்னினும் இளையவன்முன், அதிலும் ஒரு பெண்ணின்முன், பலகையோடு உட்காருவது ஆண்மைக்கு இழுக்கென்று அவர்களுக்குச் சிறுவயது முதலே கற்பிக்கப்பட்டுள்ளது. இன்னொரு கரணியமும் உண்டு. மாலைப்பொழுதைப் பிடித்துக்கொள்ள வேறொரு பள்ளி தெருமுனையில் திறந்திருக்கிறது. 2003 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசே. பகலில் ஒரு கையால் எழுத்தறிவுத் திட்டத்திற்கு நாடா வெட்டுவதும், மாலையில் மறுகையால் மதுப்புட்டியை நீட்டுவதும் ஒரே அரசின் செயலாயிருக்கும்போது, ஆண்களிடம் ஆர்வமில்லை என்று எழுதுவதற்கு எழுதுகோல் கூசவேண்டாவா?

ஆந்திர மாநிலத்து நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்னும் சிற்றூரில், இவ்விரண்டும் நேருக்குநேர் மோதின. 1990களின் தொடக்கத்தில் அங்கு எழுத்தறிவு வகுப்பில் இருந்த பெண்கள், பெண்கள் ஒன்றுசேர்ந்து சாராயக்கடையை மூடவைத்த கதையொன்றைப் பாடமாகப் படித்தார்கள். படித்ததோடு நிற்கவில்லை, தம் ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்தார்கள். தீ மாவட்டம் முழுதும் பரவிற்று. பின் மாநிலம் முழுதும் பரவிற்று. 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. 1995 சனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அம்மதுவிலக்கு தளர்த்தப்பட்டது என்பது வேறு கதை. வருவாயின்மேல் அரசுகளுக்குள்ள பற்றை அது காட்டும். கூட்டமாகக் கற்றவர்கள் கூட்டமாகவே எழுந்தார்கள் என்பதை எவராலும் மறைக்கவியலாது. முதியோர் கல்வி கையெழுத்தோடு நின்றுவிடவேண்டுமென்று சிலர் விழைவதன் கரணியமும் இதிலேயே விளங்கும்.

ஊர் கூடிக் கற்பது தெற்கே மட்டும் கண்ட புதுமையன்று. தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டி வாணிகம் செய்த தென்மார்க்கு நாட்டிலும் இது நடந்தது. அந்நாட்டு அறிஞர் கிரண்டுவிக்கு (1783-1872) இலத்தீனை மனப்பாடம் செய்விக்கும் பள்ளிகளைச் செத்த பள்ளிகள் என்று வெறுத்தவர். உழவர்க்கும் தொழிலாளர்க்கும் அவர்தம் தாய்மொழியிலேயே, பேச்சாலும் பாட்டாலும் நாட்டு வரலாற்றாலும் கற்பிக்கும், தேர்வில்லாத பள்ளிகள் வேண்டுமென்றார். அவர் கருத்துவழி முதல் மக்கள் உயர்பள்ளி 1844இல் உரோடிங்கு என்னும் ஊரில் எழுந்தது. அவ்வூர் எங்கிருந்தது என்பது கருதத்தக்கது. செருமன் மொழி நெருக்கிக்கொண்டு வந்த சுலெசுவிக்கு எல்லைப் பகுதியில் இருந்தது. தம் மொழி தம் மண்ணிலேயே தாழ்கிறது என்று கண்ட மக்கள் அதைக் காப்பதற்கு எழுப்பிய அரண் ஒரு முதியோர் பள்ளி! 1864இல் போரில் அப்பகுதி பறிபோனபோது, அடுத்த ஆண்டே எல்லைக்கு இப்பால் அசுக்கோவில் பள்ளியை மீண்டும் நிறுவினார்கள். அப்பள்ளிகளில் பதினெட்டு அகவை கடந்த உழவர் மக்கள் குளிர்காலத்தில் ஒன்றாகத் தங்கிக் கற்றனர். ஊர் திரும்பிக் கூட்டுறவுக் கழகங்களை நடத்தினர். 1882இல் அந்நாட்டின் முதற் கூட்டுறவுப் பால்பண்ணை தோன்றியபோது கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் தெரிந்த உழவர்கள் சிற்றூர்களில் இருந்தார்கள். (முதற்பள்ளி எழுந்த மறு ஆண்டு, 1845இல், தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையை விட்டுப்போனவர்கள் இக்கருத்தையும் விட்டுப்போயிருந்தால் தமிழர்க்குப் பயன்பட்டிருக்கும்.)

தென்மார்க்கினர் கற்ற மொழியே அவர்கள் வயலிலும் கடையிலும் கூட்டத்திலும் வழங்கிய மொழி. தமிழ்நாட்டில் எழுத்தறிந்த முதியவர் நிலை என்ன?

ஒரு காலத்தில் இங்கும் எழுத்துக்கு ஊரில் இடமிருந்தது. 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊரூராய்க் கொண்டுசென்றார்கள். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் அரங்கநாதனார் முயற்சியால் 1948இல் சென்னை மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதல். 1942இல் மதுரையில் ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கவேண்டுமென்று சிறு சொற்களில் செய்தி எழுதிற்று. 1950களிலும் 1960களிலும் கட்சிக் கொடிக்கம்பத்தின் அடியில் படிப்பகம் எழுந்தது. தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். கேட்டவன் மறுநாள் தானே தாளைக் கையில் எடுத்தான். எந்தத் திட்டத்தின் கணக்கிலும் ஏறாத முதியோர் பள்ளிகள் அவை! வெட்டிப்பேச்சு மன்றங்களென்று அவற்றை இகழ்ந்தவர்கள் அறிவில்லாதவர்கள்.

இன்று அம்முதியவள் தன் எழுத்தைக் கொண்டு எங்கே போவாள்? அவள் உண்ணும் மருந்தின் உறையில் ஆங்கிலம். கைப்பேசிக்கு வரும் வங்கிச் செய்தியில் பெரும்பாலும் ஆங்கிலம். அவள் நிலவழக்கு உயர்நீதிமன்றம் வரை போனால் தீர்ப்பு ஆங்கிலம். அங்குத் தமிழ் வழக்குமொழியாகவேண்டுமென்று 2006இல் சட்டமன்றம் இயற்றிய முடிவு தில்லியில் உறங்குகிறது. 1956இலேயே ஆட்சிமொழிச் சட்டம் கண்ட நாட்டின் நிலை இது. தமிழ் எழுத்தில் உள்ள படிவமாவது உதவுமா? அதில் ‘நாமினி’ என்றிருக்கும், அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள், பொருள் விளங்காது. வேறொரு படிவத்தில் ‘நியமனதாரர்’ என்றிருக்கும், அதுவும் விளங்காது. ‘தங்களுக்குப் பின் இப்பணத்தைப் பெறுபவர்’ என்று எழுதினால் எந்த அரசு கவிழ்ந்துவிடும்? தனித்தமிழ் என்னும் பெயரால் எவர் காதுக்கும் எட்டாத புதுச்சொல் ஒன்றைப் படிவத்தில் ஏற்றிவிட்டு நிறைவுகொள்வதும் அவ்வளவே பிழை. உழவர் வாயிலும் நெசவாளர் வாயிலும் வழங்கும் நல்ல தமிழ்ச்சொற்கள் இருக்க, அவற்றைத் தேடாமல் அகரமுதலியை மட்டும் புரட்டுவோர் அம்முதியவளுக்கு உதவியவர் ஆகார்.

கைந்நாட்டை ஒழிப்போம் என்பது அறிவொளி நாளின் முழக்கம். 2020 முதல் தமிழ்நாட்டுப் பங்கீட்டுக் கடைகளில் அரிசி வாங்க விரல் பதிக்கும் பொறி வந்துவிட்டது. படித்தவரும் படியாதவரும் அதன்முன் விரலை நீட்டுகின்றனர். பாடுபட்டுக் கற்ற கையெழுத்தைக் கேட்கும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பயன்படாத அரிவாள் துருப்பிடிப்பதுபோல் பயன்படாத எழுத்தும் மறந்துபோகிறது. அறிவொளியில் கற்ற பலர் சில ஆண்டுகளில் தம் பெயர் மட்டும் எழுதுவோராகிவிட்டதன் பழி அவர்களுடையதன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்த ஆண்கள் 86.77 விழுக்காடு, பெண்கள் 73.44 விழுக்காடு. ஏழு அகவைக்கு மேற்பட்ட பெண்களுள் நால்வரில் ஒருத்திக்கு அன்று எழுத்து தெரியாது. 2021இல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடக்கவில்லை. திட்டங்களின் பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே வருகின்றன. 2022இல் தொடங்கி 2027 வரை வகுக்கப்பட்டுள்ளது ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்’. பதினைந்து அகவை கடந்த அனைவர்க்கும் தொண்டர்களைக் கொண்டு கற்பிப்பது, முடிவில் படித்தல், எழுதுதல், எண்ணுதல் மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு, தேறியவர்க்குச் சான்றிதழ். தேர்வு நாளன்று பாட்டியும் பேத்தியும் ஒரே பள்ளியின் விசிப்பலகையில் உட்கார்ந்திருக்கும் படம் நாளிதழ்களில் வருகிறது. அப்படம் தரும் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால், மறுநாள் அப்பாட்டி படிக்க என்ன இருக்கிறது என்பதற்குத் திட்டத்தில் விடை மிகக் குறைவு.

விடை ஊரிலேயே இருக்கிறது. 2006 முதல் ஐந்தாண்டுகளில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் 12,600க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் உருவாக்கப்பட்டன, நூல்களும் வாங்கப்பட்டன. பின்னர்ப் பல ஊர்களில் அவை பூட்டப்பட்டுக் கரையானுக்கு இரையாயின. அண்மை ஆண்டுகளில் சில பழுதுபார்க்கப்பட்டுள்ளன. அவற்றைத் திறப்பதற்குப் புதுத் திட்டம் வேண்டா. தில்லியின் இசைவும் வேண்டா. தமிழன்பர்கள் தத்தம் ஊராட்சி மன்றத்திற்குச் சென்று, நூலகத்தின் திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்று கேட்கட்டும். மாலை ஆறு முதல் எட்டு வரை அது திறந்திருக்கவேண்டும், நாளிதழ் வரவேண்டும், எழுத்துக்கூட்டுவோர் கேட்டிருக்க ஒருவர் உரக்கப் படிக்கவேண்டும், ஊராட்சியின் வரவுசெலவும் நூறுநாள் வேலைப் பட்டியலும் எளிய தமிழில் அச்சுவரில் எழுதப்படவேண்டும். சேரிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே அக்கட்டடம் அமையாத இடங்களில் கிழமைக்கொரு நாள் நூல்களைச் சேரிக்கே கொண்டுசெல்லவேண்டும்; 1931இல் ஒரு மாட்டுவண்டி செய்ததை இன்று ஒரு மிதிவண்டி செய்யும். திறவுகோல் எவரிடமும் இல்லையென்றால், 1991இல் தெருவாயிலில் உட்கார்ந்து எழுதக் கற்ற பெண்ணொருத்தி அந்த ஊரில் இன்னும் இருப்பாள். அவளிடம் அதை ஒப்படைக்க ஊராட்சி மன்றத்தின் ஒரு முடிவு போதும்.